வலது கண்ணில் விட்ட சொட்டு

கண்ணில் மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்கும். கண்வலி வந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்ட எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வலது கண்ணில் எதை விட்டாலும் கசக்கவில்லை. அந்த வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தது எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண். போன வாரம் கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க கண்ணு ஓரத்துல ஆபரேசன் பண்ணிக்கிட்டீங்களாமே, அழகாயிடுச்சாமே. எனக்கும் இந்த மூக்கு புடிக்கவேயில்ல. எந்த டாக்டர்னு சொல்லுங்க" என்றாள். அழகாயிடுச்சாமே! பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

பிறந்ததிலிருந்தே என் இரண்டு கண்களின் உள்மூலையிலும், அதாவது மூக்கை ஒட்டிய பக்கம், தோல் ஒரு சின்ன மடிப்பாக விழுந்திருக்கும். குழந்தைகளுக்கு அது சகஜமாம், மூக்கெலும்பு எழும்ப எழும்ப மறைந்துவிடுமாம். எனக்கு மறையவில்லை. மடிப்பு கண்ணின் வெள்ளையை மூக்குப் பக்கம் மறைத்துவிடுவதால், கருவிழி இரண்டும் மூக்கைப் பார்ப்பது போலத் தெரியும். பார்வையில் ஒரு குறையும் கிடையாது. வேலைக்குச் சேரும்போது கம்பெனி டாக்டரே ஆறுக்கு ஆறு என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் பார்க்கிறவர்களுக்கு நான் மாறுகண்காரி. வேப்பனப்பள்ளி பள்ளிக்கூடத்தில் என்னை 'ஒண்ணரைக் கண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள். பத்மா என்று ஒரு பெயர் இருப்பது வாத்தியாருக்கு மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஓசூர் சிப்காட்டில் வேலைக்கு வந்தேன். கைக்கடிகாரத்துக்குள் இருக்கிற எந்திரத்தைப் பூட்டிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி, இன்றுவரை எனக்கு இதே கம்பெனிதான். எள்ளைவிடச் சிறிய சக்கரங்களை இடுக்கியால் எடுத்து அதனதன் குழியில் உட்கார வைக்க வேண்டும். அதற்கு லூப் என்று ஒரு கறுப்புக் குழல் உண்டு. கட்டைவிரல் நீளம் இருக்கும், நுனியில் பெரிதாக்கிக் காட்டுகிற லென்ஸ். அதைக் கண்குழியில் அழுத்தி வைத்துப் புருவத்தாலும் கன்னத்தாலும் இடுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் குனிந்திருக்க வேண்டும். என் கை அந்த வேலைக்கென்றே செய்தது என்று சூப்பர்வைசர் அக்கா சொல்வார். டிரெய்னியாக இருந்தேன். இன்னும் ஒன்றரை வருடம் போனால் நிரந்தரமாக்குவார்கள்.

என் அண்ணன் முனிராஜ் அதே சிப்காட்டில் வேறொரு ஆலையில், டூல் ரூமில் இருந்தான். இரும்பை நூல் அளவுக்கு இழைக்கிற வேலை. அம்மா எங்கள் இருவருக்கும் சமைத்துப் போட ஓசூருக்கே வந்துவிட்டாள். அப்பா மட்டும் ஊரில் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, நான் காபி கொடுத்துவிட்டு நிமிர்ந்ததும் என் எதிரிலேயே கேட்டாள். "பொண்ணு என்னப் பாக்குதா, கதவப் பாக்குதா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? அண்ணன் சிரிக்கவில்லை. அவர்கள் பஸ் ஏறியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் பொழுது சாய்ந்துதான் வந்தான். கூட வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னாராம், கர்நாடக எல்லை தாண்டினால் ஒரு நர்சிங்ஹோமில் இந்த மடிப்பை எடுத்துவிடுகிறார்களாம், ஒரு மணி நேர வேலையாம்.

"நீ பேசாம வா பாப்பா, நான் பாத்துக்கறன். இனிமே ஒருத்தன் உன்னக் கேட்டுடக் கூடாது" என்றான்.

நானும் போனேன். இழுத்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னால் பொய். ஆசையாகத்தான் போனேன். கண்ணாடி முன்னால் மூக்கின் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, மடிப்பு போனால் எப்படி இருப்பேன் என்று எத்தனை தடவை பார்த்திருப்பேன்!

அந்த டாக்டர் மடிப்பை நேர்க்கோடாக வெட்டி நேர்க்கோடாகத் தைத்தார். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அடுப்புப் புகையில் நிற்காதே, தலைக்குக் குளிக்காதே என்றார். என்ன வேலை செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நான் செய்த தப்பு இங்கேதான் ஆரம்பம்.

கம்பெனியில் நான் கண்ணில் கட்டி என்று சொல்லி லீவு போட்டிருந்தேன். அழகுக்காக ஆபரேசன் என்று சொல்ல வெட்கம். கட்டிக்குப் பத்து நாளைக்கு மேல் யார் லீவு கொடுப்பார்கள்? தையல் பிரித்த மறுநாள் காலை ஷிப்டுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, லூப்பை எடுத்து வலது கண்ணில் அழுத்தினேன். குழலின் வாய் சரியாகப் புது வடுவின் மேல் உட்கார்ந்தது. நெருப்புப் பட்ட மாதிரி இருந்தது. இரண்டு நாளில் பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

பழகியது. இரண்டு மாதத்தில் இடது கண் ஓரளவுக்குத் தேறியது. வலது கண்ணின் மூலையில் வடு தடித்து, சிவந்து, மேலிமைக்கும் கீழிமைக்கும் நடுவே கயிறு கட்டி இழுத்தது போல நின்றது. கீழிமையின் உள்முனை கண்ணை விட்டு வெளியே பிதுங்கிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் நிற்காமல் வடிந்தது. சிரித்தாலும் வடியும், சும்மா இருந்தாலும் வடியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், "ஏம்மா அழுவுற? வீட்ல சண்டையா?" என்று கேட்பார்கள்.

ஒரு நாள் பூட்டிக்கொண்டிருந்த எந்திரத்துக்குள்ளேயே ஒரு சொட்டு விழுந்தது. அன்றைக்கே சூப்பர்வைசர் அக்கா என்னைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார். "பத்மா, எனக்கு மனசே வரல. ஆனா நிரந்தரம் பண்றதுக்கு முன்னாடி பெஞ்சுல டெஸ்ட் இருக்குது. அதுக்குள்ள கண்ணச் சரி பண்ணிக்கோ. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அழகாகலாம் என்று போய்ச் சோறு போடுகிற கண்ணையே கெடுத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டி மடிக்கும்போதெல்லாம் இதே நினைப்புதான்.

அண்ணன் அந்த நர்சிங்ஹோமுக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தான். அதோடு என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டான். என்னிடம் பேசும்போது சுவரைப் பார்ப்பான், அம்மாவைப் பார்ப்பான். நான்தானே கூட்டிப் போனேன் என்று அவன் மனசுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். லூப் விஷயம் அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எனக்கே அது அப்போது காரணமாகத் தோன்றவில்லை என்று நினைத்துக்கொள்வேன். உண்மையில் தோன்றியது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

பெங்களூரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு அண்ணன் கூட்டிப்போனான். அம்மாவும் கூட வந்தாள். வெளிநோயாளிகள் கூடத்தில் நீள நீளமான பெஞ்சுகள். கன்னடம், தெலுங்கு, தமிழ், உருது எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டது. எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். சின்ன ஆபரேசன் என்றுதான் போனாராம். அவர் வீட்டுக்காரம்மா அதைப் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். விளக்கை என் கண்ணில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார். "எந்தக் கண்ணுல விட்டது கசக்குது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இடது கண்ணில் விட்டது கசந்தது. வலது கண்ணில் விட்டது அப்படியே கன்னத்தில் வடிந்தது.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். இமைகளின் உள்முனையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கிறது. கண்ணில் ஊறுகிற தண்ணீர் அதன் வழியாக ஒரு மெல்லிய குழாயில் இறங்கி மூக்குக்குப் போகிறது. அதனால்தான் அழுதால் மூக்கு ஒழுகுகிறது, மருந்து விட்டால் தொண்டை கசக்கிறது. அந்த ஓட்டை எப்போதும் கண்ணைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு வடு இழுத்ததில் அது வெளியே திரும்பிவிட்டது. முனை மழுங்கிய ஊசியை அந்த ஓட்டைக்குள் விட்டு உப்புத் தண்ணீர் செலுத்தினார். நான் நாற்காலியின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டிருந்தேன். தொண்டையில் உப்புக் கரித்தது. "அப்பாடா, உள்ள குழாய் உயிரோட இருக்கு" என்றார்.

பிறகு கேட்டார். "நோடும்மா, இங்க பாரு, ரெண்டு கண்ணையும் ஒரே டாக்டர், ஒரே நாள் வெட்டியிருக்காரு. நேர்க்கோடா வெட்டுனது அவர் தப்பு, அந்த இடத்துல அப்படி வெட்டுனா வடு சுருங்கி இழுக்கும். ஆனா வலது மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? தையல் பிரிச்சப்புறம் என்ன செஞ்சே?"

அண்ணன் ஆஸ்பத்திரிச் சீட்டில் முத்திரை குத்தப் போயிருந்தான். அம்மா வாசலில் இருந்தாள். நான் லூப்பைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, "எந்தக் கண்ணுல மாட்டுவே?" என்று மட்டும் கேட்டார். வலது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

வடு இளக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதுவரை விரலால் நீவிவிடு என்றார். காத்திருந்தேன். நிரந்தர டெஸ்ட் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைந்தது. ஒரு வழியாகப் படுக்கையில் சேர்த்தார்கள். ஒப்புதல் தாள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான். நான் ஒரு வரியைக் காட்டி இது என்ன என்று நர்சிடம் கேட்டேன். குழாய் அறுபடலாம், பார்வைக்கே ஆபத்து வரலாம், அதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பில்லை என்று அவர் தமிழில் சொன்னார். நூலளவு பிசகாமல் இரும்பு இழைக்கிற கை என் அண்ணன் கை. அன்று அந்தக் கையெழுத்து கோணல்மாணலாகப் போனது. செலவு எவ்வளவு என்று கடைசிவரை அவன் எனக்குச் சொல்லவில்லை.

மயக்க மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்தார்கள். மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் ஊசி இறங்கியபோது போட்ட சத்தம் எனக்கே யாரோ போட்டது போலக் கேட்டது. முகத்தை மூடிய பச்சைத் துணியில் கண்ணுக்கு மட்டும் ஒரு ஓட்டை. மேலே பெரிய விளக்கு. அதன்பின் வலி இல்லை. வலியே இருந்திருக்கலாம். கத்தரி வெட்டுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. நறுக், நறுக். என் கண்ணுக்குப் பக்கத்தில், என் தோல். குழாய் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? கை நழுவினால்? ஒரு சக்கரம் என் இடுக்கியிலிருந்து தெறித்துப் போய்த் தேடிக்கொண்டே இருந்த நாள் ஞாபகம் வந்தது. இடுக்கி யார் கையிலும் நழுவும்.

"பத்மா, அழாதே. தண்ணி வந்தா எனக்கு வேலை தெரியாது" என்றார் டாக்டரம்மா.

"அழுவல மேடம், அது தானா வருது."

"தெரியும். அதுக்குத்தானே வந்திருக்கே."

அவர் முன்பே தாளில் வரைந்து காட்டியிருந்தார். நேர்க்கோட்டு வடுவை எடுத்துவிட்டு, இசட் எழுத்து போலக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி, தோலை இடம் மாற்றித் தைப்பார்களாம். ஜாக்கெட்டில் அக்குள் பிடித்தால் தையல்காரர் பிரித்து ஒட்டுத்துணி வைப்பார் இல்லையா, அதேபோல இழுப்பு விட்டுப்போகும். இடது கண்ணிலும் கொஞ்சம் சரிசெய்தார். முடிந்ததும் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையுமாம்.

அந்த இருட்டைப் பற்றி எப்படிச் சொல்வது! கட்டுக்குள் கண் இருக்கிறதா, பஞ்சு வைத்தவரைப் போல ஆகிவிட்டதா என்று தெரியாது. தொட்டுப் பார்க்க முடியாதபடி அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பொழுது விடிந்தது பால் வண்டிச் சத்தத்தில் தெரியும், மத்தியானம் எவர்சில்வர் தட்டுச் சத்தத்தில் தெரியும். நர்சு வந்து "நோவு இதியா?" என்பார். இல்லை என்பேன். வலி இல்லாததுதான் பயமாக இருந்தது. உயிர் போன இடம் வலிக்காது என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. சாமி, பார்வையை மட்டும் கொடு, மடிப்பை வேண்டுமானால் திருப்பி வைத்துவிடு என்று வேண்டினேன்.

பக்கத்துக் கட்டிலில் ஆந்திரா பக்கம் குப்பம் ஊரிலிருந்து வந்த வெங்கடம்மா என்கிற அம்மாள், புரை எடுத்துக்கொண்டவர். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். நான் விசும்புவது கேட்டால் அங்கிருந்தே, "ஏமி காதம்மா, ஒண்ணும் ஆவாது. எனக்கு ரெண்டு கண்ணும் அறுத்தாங்க, நான் இல்லியா?" என்பார். அவர் வீட்டிலிருந்து வந்த கேழ்வரகு உருண்டையில் ஒன்றை அம்மா கையில் கொடுத்தனுப்புவார். ஏன் இந்த ஆபரேசன் என்று அவர் கேட்டபோது, அழகுக்காக என்று சொல்ல நாக்கு வரவில்லை. கட்டி என்றேன். அங்கேயும் பொய்.

ஆபரேசன் ஆன அன்றே சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில் அண்ணன் வந்தான். இரும்பு இழைக்கும்போது ஊற்றுகிற கூலன்ட் எண்ணெய் வாசனையில் அவன்தான் என்று தெரிந்துகொண்டேன். ஷிப்ட் முடித்து நேராக பஸ் ஏறியிருக்கிறான். அம்மா வெந்நீர் வாங்கப் போனாள். அவன் முகம் எனக்குத் தெரியாது என்பதாலேயே கொஞ்சம் தைரியம் வந்தது.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். திட்டாத."

"சொல்லு."

"அந்த டாக்டர் மேல மட்டும் தப்பில்ல. தையல் பிரிச்ச மறுநாளே நான் லூப் மாட்டுனன். இந்தக் கண்ணுலதான். இங்க டாக்டரம்மா கேட்டாங்க, சொல்லிட்டன். உனக்குத்தான் சொல்லல. நீ உன்னாலதான்னு ஒரு வருசமா..."

போய்விட்டானோ என்று கையை நீட்டிப் பார்த்தேன். பிறகு கேட்டான். "எவ்ளோ நேரம்?"

"முழு ஷிப்டும்."

"தெனமுமா?"

"ம்."

"அந்தக் குழல் வாய் எத்தினி எம்எம்?"

"தெரியல."

"அத்தன நாள் கண்ணுல வெச்சு அழுத்தத் தெரிஞ்சது, அளவு தெரியல!" என்றான். நாற்காலியைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் வாசல்வரை போய் மறைந்தது. அம்மா திரும்பி வந்து, அவன் எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவனையும் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் அதே வாசனை. "தலைய ஆட்டாத" என்றான். திடீரென்று என் நெற்றியைச் சுற்றி ஒரு நூல் இறுகியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நூலை அவிழ்த்தான், மூக்கின் மேல் குறுக்காக வைத்தான், பிறகு எடுத்துவிட்டான். "எதுக்குண்ணா?" என்றேன். "சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் இடது கண் கட்டைப் பிரித்தார்கள். ஜன்னல், அம்மாவின் தோடு, வெங்கடம்மாவின் பொக்கை வாய், எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. ஐந்தாம் நாள் வலது கண்ணைத் திறந்தார்கள். பார்வை இருந்தது! மங்கலாக, பிசுபிசுப்பாக, ஆனால் இருந்தது. டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டார். நான் எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். கசக்கவில்லை. மருந்து கன்னத்தில் வடிந்தது.

"வீக்கம் இருக்கு. பொறுமையா இரு" என்றார்.

தையல் பிரித்த அன்றும் கசக்கவில்லை. "எப்போ மேடம் கசக்கும்?" என்று கேட்டேன். "வரணும். வடு எப்படி ஆறுதுன்னு பாக்கணும். மூணு மாசம் அந்த மூலையில எதுவும் அழுந்தக் கூடாது" என்றார். வரும் என்று அவர் சொல்லவில்லை, வரணும் என்றுதான் சொன்னார். ஓசூருக்குத் திரும்பும் பஸ் முழுக்க அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெஞ்ச் டெஸ்டுக்கு ஒரு மாதம் இருந்தது.

வீட்டில் தினம் காலையில் அம்மா என்னைப் பாயில் படுக்க வைத்து இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விடுவாள். முதலில் இடது. வாயைக் கொப்பளித்துவிட்டு, கசப்பு போனபின் வலது. அண்ணன் வாசற்படியில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்பான்.

"ஆச்சா?"

"இல்லண்ணா."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. லூப் பற்றி ஒரு வார்த்தை அவன் எடுக்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு மாலை, தாளில் சுற்றி எதையோ ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போனான். பிரித்துப் பார்த்தேன். மெல்லிய எஃகுக் கம்பியை வளைத்து, தலையைச் சுற்றி மாட்டுகிற மாதிரி ஒரு வளையம். முன்பக்கம் லூப்பைச் செருக ஒரு பிடி. நெற்றியில் படும் இடத்தில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றியிருந்தது. அளவெடுத்த நூல் இதற்குத்தான். மாட்டிப் பார்த்தேன். லூப் கண்ணுக்கு முன்னால் தொங்கியது, மூலையில் எங்கேயும் படவில்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வலது கண்ணின் தண்ணீர் கன்னத்தில்தான் வடிந்தது. என்ன செய்து என்ன பிரயோஜனம் என்று இருந்தது.

மூன்றாம் வாரம் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எந்த டாக்டரிடம் போனாலும் இனி இந்தத் தோலில் வெட்ட இடமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "அட சும்மா இரு, வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு" என்று அவள் வைதாள். அந்த வாரத்தில் ஒரு நாள் அண்ணன் "ஆச்சா?" என்று கேட்பதையும் நிறுத்திவிட்டான். கேட்டு என்னை நோகடிக்க வேண்டாம் என்று நினைத்திருப்பான்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, ஒரு காலை. அம்மா இடது கண்ணுக்கு விட்டாள், கொப்பளித்தேன். வலது கண்ணுக்கு விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கம்போலக் கன்னத்தைத் துடைக்கத் துண்டை எடுத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. கன்னம் காய்ந்திருந்தது. அசையாமல் படுத்திருந்தேன். மூக்குக்குள் ஏதோ குளிர்ச்சியாக இறங்கியது. பிறகு தொண்டையின் அடியில், மெதுவாக, வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி.

"அம்மா, கசக்குது!"

"கொஞ்சம் சர்க்கர எடுத்தாறட்டா?"

"வேணாம்மா! வேணாம், இருக்கட்டும். கசக்குதும்மா!" நான் சிரிப்பதைப் பார்த்து அம்மா முதலில் பயந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் கொல்லையில் சவரம் செய்துகொண்டிருந்தவன், பாதி முகத்தில் சோப்போடு ஓடி வந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நெஜமாவா? இல்ல, இடது கண்ணு மருந்து மிச்சமா?"

"கொப்பளிச்சிட்டன் அண்ணா. நெஜமாத்தான்."

அவனுக்கு அது போதவில்லை. டூல் ரூம்காரன் அவன், கேஜ் வைத்து அளந்து சரிபார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டான். "எடு அந்த பாட்டில" என்றான். என் பக்கத்தில் பாயில் மல்லாந்து படுத்து, வலது இமையை விரலால் விரித்து, தானே ஒரு சொட்டு விட்டுக்கொண்டு கண்ணை மூடினான். நாங்கள் இருவரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நேரம் பொறுத்து நான் கேட்டேன். "ஆச்சா?"

"ம். கசக்குது பாப்பா. இப்பிடித்தான் கசந்துச்சா?"

"இப்பிடித்தான்."

அவன் எழுந்திருக்கவில்லை. மூடிய இரண்டு கண்ணின் ஓரத்திலிருந்தும் தண்ணீர் இறங்கி, காதோரமாகச் சோப்பைக் கரைத்துக்கொண்டு பாயில் விழுந்தது. மருந்து காட்டமா இருக்குது என்றான். அவன் அதை ஒரு கண்ணில் மட்டும்தான் விட்டிருந்தான்.